ஒட்டடை அன்று பசியோடு இருந்தது

வணக்கம் ரைட்டர் ஐயா. நலமாக இருக்கிறீர்களா? போன மாதம் முட்டை வாங்க வந்தபோது தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று சொன்னீர்கள், இப்போது எழுத வருகிறதா? வராவிட்டால் சொல்லுங்கள், நான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். எனக்கு அவசரம் இல்லை. அவசரப்படுகிறவர் வெளியே ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் என் கூடப்பிறந்த அண்ணன். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றையும் என் அடையாள அட்டையில் இருக்கிறபடி எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் கேட்டால் ஒருவரும் வீட்டைக் காட்டமாட்டார்கள், முட்டைக்காரர் வீடு என்றுதான் கேட்க வேண்டும். வயது ஐம்பத்து நான்கு. அட்டையில் ஐம்பத்தொன்று என்று இருக்கும். அது பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகக் குறைத்துச் சொன்னது. சேர்த்த மூன்றாம் மாதமே நான் நின்றுவிட்டதால் அந்தப் பொய்யால் ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று. எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைப்பேன். தொழில், கோழி வளர்த்து முட்டை விற்பது. வீடு தண்ணீர்த் தொட்டி இருக்கிற தெருவில் கடைசி வீடு. வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் காலியிடம், அதற்குப் பின்னால் வேலி, வேலிக்கு அந்தப்பக்கம் முள்காடு. பக்கத்து வீடு தையலக்கா வீடு. என் நாய் கையைக் கடித்துவிட்டது என்று மனு கொடுத்திருப்பது அந்த அக்காதான்.

நாளை பதினொரு மணிக்கு மாட்டு டாக்டர் ஊசியோடு இங்கே வருகிறார். என் நாய் உங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால் இரும்புப் படிக்கட்டின் அடியில் கட்டிக் கிடக்கிறது. அதைக் கொல்ல எனக்குச் சம்மதம் என்று ஒரு தாளை அண்ணன் எழுதி வாங்கி வந்திருக்கிறார். அதில் கைநாட்டு வைக்கத்தான் இன்று என்னை வண்டியில் ஏற்றி அழைத்து வந்தார். முந்தாநாள் இன்ஸ்பெக்டர் ஐயா என்னைப் பார்த்து, "பழக்கமா கடிக்கிற நாயா, இல்ல அன்னைக்கு மட்டும் ஏதோ நடந்துதா, அதை நீ சொல்லு. பழக்கம்னா ஊசிதான். இல்லன்னா கட்டி வளர்க்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போ" என்று சொன்னார். அன்றைக்கு மட்டும் ஏதோ நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாயின் பெயர் ஒட்டடை. நீங்கள் "மேற்படி நாய்" என்று எழுதுகிறீர்கள், எழுதுங்கள், ஆனால் ஒரு இடத்திலாவது ஒட்டடை என்று போடுங்கள். குட்டியாக வந்தபோது காலும் வாலும் மட்டும்தான் இருந்தது, நடுவில் உடம்பு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை, ஒட்டடைக் கம்பு மாதிரி இருக்கிறதே என்று என் வீட்டுக்காரி சொன்னாள், அதுவே நின்றுவிட்டது. அண்ணனிடம் இருந்த வேட்டை நாய் போட்ட ஈற்றில் அது நான்காவது குட்டி. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒரு காலத்தில் முயலுக்குப் போனவர்கள்தான். வேட்டைக்குத் தடை வந்த பிறகு நிறுத்திவிட்டோம். அண்ணனும் நிறுத்திவிட்டதாகத்தான் சொன்னார். அவருக்கு மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

எனக்கு நாய் எதற்கு என்றால், வேலியில் நரி புகுந்து ஒரே வாரத்தில் பதினாறு கோழியைத் தூக்கிப் போயிற்று. கூண்டில் அடைத்து வளர்த்தால் நரி வராது, ஆனால் கூண்டுக் கோழி முட்டையை என் வாடிக்கைக்காரர்கள் வாங்கமாட்டார்கள், மஞ்சள் கரு வெளுத்திருக்கிறது என்பார்கள். கோழி மேய வேண்டும், நரியும் வரக் கூடாது, அப்படியென்றால் நாய்தான் வழி. அண்ணனிடம் போய் ஒரு குட்டி கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை... இல்லை ஐயா, வெற்றிலையை விடுங்கள், அது வேறு கதை. அவர் சொன்னது இதுதான்: "டேய், அது முயலைக் கடிக்கப் பொறந்த சாதிடா. அதைப் போய் கோழிக்கு ஆயாவா வைக்கிறியே."

அதன் பிறகு பதினோரு மாதம் நான் அந்த நாயோடு உட்கார்ந்தேன். நேராக விஷயத்துக்கு வா என்கிறீர்கள். இதுதான் ஐயா விஷயம். இதை எழுதாவிட்டால் மற்றது விளங்காது. முதல் ஆறு வாரம் கோழிக்கும் நாய்க்கும் நடுவில் கம்பி வலை. நாய் கோழியைப் பார்த்து முறைத்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் கிடையாது, அதுவாக முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தால் ஒரு துண்டு ஈரல். அப்படியே பார்க்காமல் இருக்கப் பழகியது. அதன் பிறகு வலையை எடுத்துவிட்டு, கழுத்தில் நீளக் கயிறு கட்டித் தரையில் இழுபட விட்டேன், கோழிப் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைத்தால் கயிற்றை மிதிப்பேன், "விடு" என்பேன். அந்த ஒரு சொல்தான். கோபமாகச் சொன்னதில்லை. என் கோழிகளில் ஒரு கிழக்கோழி உண்டு, மாமியார் என்று கூப்பிடுவோம், அது நாயின் மூக்கில் இரண்டு தடவை ரத்தம் வரக் கொத்தியது. நான் நூறு தடவை "விடு" சொன்னதை அது இரண்டே கொத்தில் முடித்துவிட்டது என்று என் வீட்டுக்காரி இன்னமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஓடுகிறதைத்தான் அந்தச் சாதி நாய் துரத்தும். அதனால் கோழி ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்து இறக்கையில் மட்டும் நுனியை வெட்டிவிடுவேன், பறந்து படபடக்காது. குஞ்சு கீச்சுக்கீச்சென்று கத்தினால் நாய்க்குக் காது நிமிர்ந்துவிடும், அதனால் இரண்டு மாதம் வரைக்கும் குஞ்சுகளைப் பரண்மேல் அடைத்து வைப்பேன். செத்த கோழியை நாய் பார்க்காமல் ஆழமாகப் புதைப்பேன். உடைந்த முட்டை ஒன்றுகூட அதன் நாக்கில் பட்டதில்லை. நாங்கள் யாராவது கண் முன்னால் இல்லாமல் அதைக் கோழியோடு தனியாக விட்டதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. காலையில் முதலில் நாயை நடத்தி ஓட விட்டுக் களைக்க வைக்க வேண்டும், அடுத்து வயிறு நிறையச் சோறு, அது தட்டை நக்கி முடித்துப் படுத்த பிறகுதான் கோழிக்கூட்டைத் திறக்க வேண்டும். பசியோடு இருக்கிற நாய் முன்னால் கூட்டைத் திறப்பதும், அதன் வாயில் நாமே கோழியை எடுத்து வைப்பதும் ஒன்றுதான். இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. அந்த இரண்டு வருடத்தில் ஒரு நரி வரவில்லை, ஒரு கோழி கடிபட்டுச் சாகவில்லை. மழை பெய்தால் கோழிகள் அதன் வயிற்றுப் பக்கமாக ஒதுங்கி நிற்கும். தையலக்காவே பார்த்துவிட்டு, "என் புருஷன்கூட இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்ல" என்று சொல்லியிருக்கிறது.

அதன் பிறகு நான்கு மாதத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வீங்கியது. செவ்வாயும் வெள்ளியும் நான் விடியற்காலை சைக்கிளில் கடைகளுக்கு முட்டை போடப் போனால் திரும்ப மணி பத்தாகும். அந்த இரண்டு நாளும் நாயை நடத்திச் சோறு வைப்பது அவள் வேலையாக இருந்தது. அப்போதுதான் அண்ணன் வந்து, "ஏண்டா, நான் எதுக்கு இருக்கேன்? மில்லுல ராத்திரி வேலை முடிஞ்சு சும்மாதானே வரேன். அந்த ரெண்டு நாளும் நான் வந்து நடத்திச் சோறு வச்சுட்டுப் போறேன்" என்றார். இப்படி ஒரு அண்ணன் யாருக்கு அமையும் என்று முட்டை போடுகிற எல்லாக் கடையிலும் சொன்னேன். டீக்கடைக்காரர் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "உங்க அண்ணன் புராணத்தை அடுத்த வாரம் வச்சுக்கலாமா, பால் பொங்குது" என்று சொல்கிற அளவுக்குச் சொன்னேன். இதையும் எழுதுங்கள். நான் எவ்வளவு நம்பினேன் என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் அவரைக் கேட்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது பின்வருமாறு. அன்றைக்கு ஒரு கடை பூட்டியிருந்ததால் நான் ஒன்பதரைக்கே வீடு திரும்பினேன். அண்ணன் வண்டியை வாசலில் நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார், கிளம்புகிற மாதிரி இருந்தார், முகம் வேர்த்திருந்தது. நாய் பின்பக்கம் கம்பத்தில் கட்டியிருந்தது. நான் சைக்கிளைச் சாத்திக்கொண்டே, "நாய்க்குச் சோறாச்சாண்ணே?" என்று கேட்டேன். அவர், "ஆச்சு ஆச்சு, வயிறு முட்ட" என்றார். "நடத்தியாச்சா?" என்றேன். "ரெண்டு சுத்து" என்றார். அதன் பிறகு நான் போய்ச் சங்கிலியை அவிழ்த்தேன். தட்டைப் பார்க்கவில்லை. அது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடமாக என் வீட்டுக்காரி வைத்தால்கூட நான் தட்டைப் போய்ப் பார்ப்பேன், அவள் அதற்காக என்னோடு சண்டை போட்டிருக்கிறாள். ஆனால் அண்ணன் வாயால் ஆச்சு என்று சொன்ன பிறகு அவர் எதிரிலேயே போய்த் தட்டைக் குனிந்து பார்ப்பது என்றால், அது அவரைப் பொய்யன் என்று சொல்வது மாதிரி. அதனால் பார்க்கவில்லை. கூட்டைத் திறந்தேன். என் கையால்தான் திறந்தேன்.

கோழிகள் இறங்கி மேய ஆரம்பித்தன. நாய் வழக்கமாகப் படுக்கிற இடத்தில் படுக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தது, தோல் நடுங்கியது. எனக்கு அது சரியாகப் படவில்லை, கயிற்றை எடுக்கலாம் என்று திரும்பினேன். அந்த நேரம் தையலக்கா வீட்டு இளங்கோழி மூன்று சுவரிலிருந்து படபடவென்று எங்கள் பக்கம் குதித்தன. அக்கா தன் கோழிக்கு இறக்கை வெட்டுவதில்லை, அது அவர்கள் இஷ்டம். நாய் பாய்ந்தது. அதன் பிறகு எல்லாக் கோழியும் ஓடின. ஓடினதையெல்லாம் அது பிடித்தது. நான் "விடு, விடு" என்று கத்திக்கொண்டே துரத்தினேன், என் குரல் அதற்குக் கேட்கவே இல்லை. தையலக்கா கழுத்தில் போட்டிருந்த அளவு நாடாவோடு ஓடிவந்து, நாய் வாயில் இருந்த தன் கோழியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. நாய் கோழியை விட்டுக் கையைக் கவ்வியது. வலது கை, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில். தையல்காரிக்கு அந்த இடம் போனால் என்ன மிஞ்சும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கடிதான், உடனே விட்டுவிட்டது. ஆனால் எட்டுத் தையல். கோழி என்னுடையது பதினொன்று, அக்காவுடையது மூன்று. செத்ததில் மாமியாரும் உண்டு. அது ஓடவில்லை, நின்று கொத்தியிருக்கிறது, அதனால் முன்பக்கம் கடிபட்டுக் கிடந்தது.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து அப்படியே எழுதுங்கள். முதல் கோழியைக் கொன்றதும் நாய் அதைத் தின்னவில்லை. என்னிடமும் கொண்டுவரவில்லை. வாயில் கவ்விக்கொண்டு முற்றத்தைக் கடந்து, என்னைத் தாண்டி, வாசலில் வண்டிமேல் இருந்த அண்ணனிடம் போய், அவர் காலடியில் அதை வைத்துவிட்டு, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. அவர், "சீ, போ" என்று காலால் தள்ளினார். அதன் பிறகுதான் அது மற்றக் கோழிகளிடம் திரும்பியது. இதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்கு அப்போது புரியவில்லை. அக்கா கையிலிருந்து ரத்தம் வந்ததும் நான் சைக்கிள் பம்பை எடுத்து நாயை அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. அடிக்கும்போது அது ஓடவும் இல்லை, என்னைக் கடிக்க வரவும் இல்லை, அண்ணன் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே நாயைக் கொண்டுவந்து இங்கே கட்டச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை அண்ணன் இங்கே வந்து, இது ஆரம்பத்திலிருந்தே கெட்ட நாய், தம்பிக்கு நான் முன்பே எச்சரிக்கை கொடுத்தேன், அவன் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். அதை நீங்கள்தான் எழுதினீர்கள். எனக்கு அப்போதுகூட அவர்மேல் கோபம் வரவில்லை, அக்கா கையைப் பார்த்துப் பதறிப்போய்ச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் வந்து, சுவருக்கு அப்பால் போன டீக்காரரைக் கூப்பிட இரண்டு விரலைச் சொடுக்கினார். படிக்கட்டின் அடியில் சுருண்டு கிடந்த ஒட்டடை அந்தச் சத்தத்துக்கு எழுந்து, வயிறு தரையில் ஒட்டப் படுத்து, காதை முன்னால் நீட்டி, அவர் கையையே பார்த்தது. முயல் பதுங்கியிருக்கிற புதருக்கு முன்னால் வேட்டை நாய் அப்படித்தான் படுக்கும். நான் அதற்கு அதைக் கற்றுக்கொடுத்ததில்லை. கற்றுக்கொள்ளாமல் இருக்கத்தான் பதினோரு மாதம் உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை நான் நாய்க்குச் சோறு கொண்டுவந்தேன். வாசலில் நின்ற போலீஸ்காரத் தம்பி, "உள்ள இருக்கிற ஆளுக்கே ரெண்டு வேளைதான், உங்க நாய்க்கு மூணு வேளையா?" என்று கேலி செய்துவிட்டு உள்ளே விட்டார், நல்ல பிள்ளை. சோறு வைத்துவிட்டு, நொண்டுகிறதே, நான் அடித்த அடியோ என்று காலைத் தூக்கிப் பார்த்தேன். நான்கு பாதத்திலும் முள். புது முள் இரண்டு மூன்று, பழைய முள் உள்ளேயே முறிந்து தோல் மூடிக் கெட்டியானது ஏழெட்டு. கோழிக்குக் காலில் முள் குத்தினால் புண்ணாகி வீங்கும் என்று என் முற்றத்தைத் தினமும் கூட்டுகிறவன் நான். அந்த முள் வேலிக்கு அந்தப்பக்கம் காட்டில்தான் இருக்கிறது. அதன் பிறகு வீட்டுக்குப் போனால், தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து புளித்த வாடை வருகிறது என்று என் வீட்டுக்காரி தேடிக்கொண்டிருந்தாள். மூடி போட்ட சின்னப் பெயிண்ட் வாளி ஒன்று இருந்தது. திறந்தால், செவ்வாய்க்கிழமை அவள் நாய்க்கு வடித்த நொய்ச்சோறு, ஒரு பருக்கை குறையாமல். வாளி அண்ணனுடையது. அவர் வீட்டில் கால் முறிந்து கிடக்கிற தன் பழைய நாய்க்குச் சோறு எடுத்துப் போகிற வாளி. என் வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "மாமாவுக்கு நான் வாரத்துக்கு ரெண்டு நாள் காப்பி போட்டுக் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

கோழிக்காரன் நாய்க்கு முதலில் சோறு வைப்பான், வேட்டைக்காரன் கடைசியில்தான் வைப்பான். வயிறு நிறைந்த நாய் முயல் பின்னால் ஓடாது. இது எங்கள் குடும்பத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை முட்டை போடப் போகாமல், அந்த வாளியை எடுத்துக்கொண்டு அண்ணன் வேலை முடிந்து வருகிற நேரம் மில் வாசலுக்குப் போனேன். அங்கே பேசியதைச் சொல்கிறேன். நான், "ஒட்டடைய எங்க கூட்டிட்டுப் போனீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"எங்கடா, உன் வீட்டைச் சுத்திதான்."

"கால் நிறைய முள்ளு இருக்கு."

"நாய்க்கு முள்ளு குத்தாம பூவா குத்தும்?"

நான் வாளியை அவர் முன்னால் வைத்தேன். துண்டை எடுத்து மூடியைத் துடைத்தார். "மூடியோட கொண்டாந்திருக்கியே, நல்லது" என்றார். அதன் பிறகு சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "ஆமா, கூட்டிட்டுப் போனேன். என் நாய் கால் ஒடிஞ்சு கெடக்குது, நான் என்ன பண்ணுவேன்? அன்னைக்கு முக்குல காட்டு இலாகா ஜீப் நின்னுச்சு, அப்படியே திரும்பிட்டேன். நீ பத்து மணிக்கு வருவ, அதுக்குள்ள சோத்தை வச்சுக் கட்டிட்டுப் போயிரலாம்னு இருந்தேன். நீ முன்னாடியே வந்து நின்னுட்ட."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமேண்ணே. இன்னும் சோறு வைக்கலன்னு ஒரு வார்த்தை. நான் கூட்டைத் திறந்திருக்க மாட்டேனே."

"ஏன் வைக்கலன்னு கேப்ப. அப்புறம் எங்க போனன்னு கேப்ப."

"நாயைக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்."

"எங்க குடுப்ப? அதை ஒரு சாமியாரா ஆக்கி வச்சிருந்த. வாரத்துக்கு ரெண்டு நாளாவது அது நாயா இருந்துட்டுப் போகட்டுமே."

நான், "கெட்ட நாய்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று மட்டும் கேட்டேன். அவர், "வேற என்னடா சொல்றது? முயலுக்குப் போனேன்னு தெரிஞ்சா கேஸ், வேலையும் போச்சு. நாய் செத்தாப் பேச்சும் அதோட முடிஞ்சுது. அடுத்த ஈத்துல முதல் குட்டி உனக்குத்தான், போ" என்று சொல்லி என் தோளில் தட்டினார். வாளியை வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதனால் அது இப்போது என்னிடம் இல்லை. கேட்டால் அவர் வீட்டில் இருக்கும், பச்சை மூடி.

சனிக்கிழமை தையலக்காவைப் பார்க்கப் போனேன். கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "ஊருக்கெல்லாம் நேரா தைச்சுக் குடுத்தேன், எனக்கு டாக்டர் போட்ட தையலைப் பாரு, ஒண்ணாவது நேரா இருக்கா?" என்று சிரித்தது. அதன் பிறகு அழுதது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, "எனக்கு நாய் சாகணும்னு ஆசையா? அது செத்துட்டா என் கை எப்ப ஊசி பிடிக்கும்னு தெரிஞ்சிடுமா? உங்க அண்ணன் என்னை ஆஸ்பத்திரிக்கு வண்டியில கூட்டிட்டுப் போனாரே, வழியெல்லாம் இந்த நாயைக் கொன்னாத்தான் சரிப்படும், மனு குடு மனு குடுன்னு சொல்லிட்டே வந்தாரு. அக்கறைன்னு நெனச்சேன்" என்றது. பிறகு, "நாய்க்குத்தான் வாய் இல்ல. உனக்கு இருக்குல்ல? போய்ச் சொல்லேன்" என்றது. அதற்கப்புறம் இரண்டு நாள் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கோழிக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். இருக்கிற கோழிக்கு அவ்வளவு பெரிய கூடு தேவையே இல்லை.

அக்கா கை ஆறுகிற வரைக்கும் அவர்கள் வீட்டு வேலை முழுக்க என் பொறுப்பு, அதை நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒட்டடையை விட்டால் கட்டித்தான் வளர்ப்பேன், கோழிக்கும் அதற்கும் நடுவில் மறுபடியும் வலை போட்டு முதல் நாளிலிருந்து ஆரம்பிப்பேன். அது திரும்பவும் பழையபடி ஆகுமா என்று கேட்டால் தெரியாது. ரத்தத்தின் ருசி பார்த்துவிட்டது. ஆனால் அது எனக்கு ஒரு நாளும் துரோகம் பண்ணவில்லை ஐயா. யார் என்ன கற்றுக்கொடுத்தார்களோ அதை அவரவரிடம் ஒழுங்காகச் செய்தது. என்னிடம் கோழியைக் காத்தது. அவரிடம் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தது.

அண்ணன் பெயரையும் எழுதட்டுமா என்று கேட்கிறீர்கள். எழுதினால் காட்டு இலாகாவுக்குத் தாள் போகும் என்கிறீர்கள். தெரியும். எழுதுங்கள். பெயர், அப்பா பெயர்... அப்பா பெயர் மேலே என் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதேதான்.

நான் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "விடு" என்பதை "விட்டுவிடு" என்று எழுதியிருந்தீர்கள், திருத்தச் சொன்னேன், திருத்திவிட்டீர்கள். மற்றதெல்லாம் நான் பார்த்தபடியும் கேட்டபடியும் இருக்கிறது. ஒருவரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, ஒருவரும் ஆசை காட்டவும் இல்லை, அடுத்த ஈற்றுக் குட்டியைத் தவிர. இதில் ஒரு சொல் பொய் என்றால் எனக்குத் தண்டனை கொடுங்கள், நாய்க்கு வேண்டாம். மையை இப்படிக் கொடுங்கள். இடது பெருவிரல். போதுமா?

அண்ணன் கூப்பிடுகிறார். "டேய், முடிஞ்சுதாடா? வெயில் ஏறுது, வா, வண்டிய எடுக்கிறேன்." நான் அந்தத் தாளில்தான் கைநாட்டு வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இதோ வரேண்ணே. ஐயா, நான் அவர் வண்டியில்தான் வந்தேன், திரும்பவும் அவர் பின்னால் உட்கார்ந்துதான் போக வேண்டும், வழியில் என்னடா ஆச்சு என்று கேட்பார், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் என்ன ஐயா சொல்லுவேன்?